அப்பத்தா காது கொடுத்த முகம்

காரைக்குடி பர்மா காலனியில், சின்ன அப்பத்தா வீட்டுக் கூடத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கிறது. ரங்கூனில் ஏதோ ஒரு ஸ்டுடியோவில் அக்காவும் தங்கையும் சேர்ந்து நின்று எடுத்துக்கொண்டது. 1964-ல் இங்கே, ரங்கூனில், கடைகளை அரசு எடுத்துக்கொண்டு, 50, 100 சாட் (பர்மியப் பணம்) நோட்டுகளும் செல்லாது என்று ஆனபோது தங்கை புருஷனோடு கப்பலேறிவிட்டாள். அக்கா இங்கேயே தங்கிவிட்டாள். அந்த அக்காதான் என் அப்பத்தா. இப்போது 81 வயது.

கைபேசி வந்த பிறகு அப்பத்தாவின் படங்கள் எத்தனையோ அங்கே போயிருக்கின்றன. இருந்தாலும் இந்த ஏப்ரலில், திஞ்சான் தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம், சின்ன அப்பத்தா என்னிடம் கேட்டாள்: “ஏய்யா, நீதான் நல்லா வரையிறியே, அந்தப் பழைய படத்துக்குப் பக்கத்துல மாட்டுறாப்புல அக்காவ ஒண்ணு வரைஞ்சு அனுப்புய்யா. கலரு வேணாம். ரெண்டும் ஒண்ணா இருக்கணும்.”

அந்த ஒரு படத்துக்கு ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலை நடுவரை ஆனது. மூன்று தாள்கள். முதல் இரண்டும் எங்கே தவறின, மூன்றாவதில் எதை மாற்றினேன் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

எந்த முகம்

படம் என்றாலே அப்பத்தா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, வாயை இறுக்கி, பாஸ்போர்ட் ஆபீசில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்துவிடுவாள். அது அவள் முகமே இல்லை. அவள் முகம் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வரும். அப்போது காரைக்குடியில் இரண்டு மணி, சாப்பாடு முடிந்து கை அலம்பிய நேரம். தங்கை கூப்பிடுவாள். கைபேசியை முக்காலியில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிடுவோம். அப்பத்தா இடது காதை அந்தப் பக்கம் சாய்த்துக் கேட்பாள். கண் எதையும் பார்க்காது. வாய் சிரிக்காது. ஆனால் முகம் பூராவும் ஒரு சிரிப்பு பரவியிருக்கும். எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது. அதைத்தான் வரைய வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அந்த முகம் கிடைப்பது வாரத்துக்கு இருபது நிமிடம். மற்ற நாட்களில் அதே நாற்காலியில் அதே நேரத்துக்கு உட்காரச் சொல்லி, மூக்கு, காது, கழுத்து, முடி இவற்றைப் பார்த்துக்கொண்டேன். கைபேசியில் ஒரு படமும் எடுத்தேன், உறுப்புகளின் இடத்தைச் சரிபார்க்க மட்டும். கைபேசி நிழலைத் தானாகவே வெளுப்பாக்கிவிடும். கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெரிதாகிக் காது பின்னால் ஓடிவிடும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்ததால் அந்த இரண்டாவது கோளாறு இல்லை. நிழலுக்கு என் கண்ணைத்தான் நம்பினேன்.

சாமான்கள் அதிகம் இல்லை. ஏ3 அளவில் 200 ஜி.எஸ்.எம். கெட்டித்தாள், எச்.பி., 2பி, 4பி, 6பி பென்சில்கள், ஒரு கரிப் பென்சில், மாவு மாதிரி பிசைகிற ரப்பர், தேய்ந்துபோன ஒரு வாட்டர்கலர் பிரஷ். பென்சில் கருமையின் வித்தியாசம் களிமண்ணையும் கிராஃபைட்டையும் கலக்கிற விகிதத்தில் இருக்கிறது. பிரான்சில் கோந்தே என்பவர் 1795-ல் காப்புரிமை வாங்கிய முறைதான் இன்றைக்கும். களிமண் கூடினால் கெட்டி, கிராஃபைட் கூடினால் மெதுவும் கருமையும்.

ஜன்னல்

முகம் வரைகிறவர்கள் வடக்கு ஜன்னலைத்தான் விரும்புவார்கள். நேர் வெயில் வராது, வெளிச்சம் நெடுநேரம் ஒரே மாதிரி இருக்கும். (ரங்கூன் ஏறக்குறைய 17 டிகிரி வடக்கில் இருப்பதால், மே இரண்டாவது வாரத்திலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலும் முழு உத்தரவாதம் இல்லை.) எங்களுக்கோ அந்தப் பேச்சே இல்லை. நகர நடுவில் எண் போட்ட தெருக்கள் எல்லாம் வடக்கு தெற்காக ஓடுகின்றன. வீடுகள் கிழக்கையோ மேற்கையோ பார்த்துத்தான் நிற்கும். உள்ளேயும் ரயில் பெட்டி மாதிரி நீளம்: முன்னால் ஜன்னல், பின்னால் அடுப்படி, நடுவில் பகலிலும் அரை இருட்டு.

எங்கள் வீடு மூன்றாவது மாடி, கிழக்குப் பார்த்தது. காலையில் வெயில் நேராக உள்ளே வந்து முகத்தை வெட்டிப் போடும், நிழலின் ஓரமெல்லாம் கத்தி மாதிரி. மூன்று மணிக்குச் சூரியன் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் போயிருக்கும். நேர் வெயில் இல்லாமல் ஜன்னல் வெளிச்சம் மட்டும் பக்கவாட்டில் வரும். அப்பத்தாவின் வலது கன்னம் ஜன்னல் பக்கம், சாய்த்த இடது காது இருட்டுப் பக்கம். நல்ல அமைப்பு என்று நினைத்தேன். அந்த ஜன்னல் வெளிச்சத்துக்குள் இரண்டு வெளிச்சம் கலந்திருப்பது அப்போது எனக்குத் தெரியாது. அதற்கு மழை வர வேண்டியிருந்தது.

முதல் தாள்

அம்மா கோலம் போடுவதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு முதலில் கோடுதான் தெரியும். இமைக்கு ஒரு கோடு, மூக்குக்கு ஒரு கோடு, மூக்கோரத்திலிருந்து வாய் முனைக்கு இறங்கும் மடிப்புக்கு ஒரு கோடு. அதற்குள்ளே நிழல் நிரப்பினேன். அளவெல்லாம் சரியாகவே வந்தது. கண் தலையின் உயரத்தில் பாதியில் இருந்தது, வயதானதால் நீண்ட காது மடலும் மெலிந்த மேலுதடும் அதனதன் இடத்தில் இருந்தன. ஆனால் அப்பா வேலையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, “ஆத்தா யாரை வையிது?” என்று கேட்டார்.

முகம் கோபமாக இருந்தது. வாய் நேராகத்தான் இருக்கிறது, புருவம் சுருங்கவில்லை, பிறகு கோபம் எங்கிருந்து வந்தது? தாளைத் தலைகீழாக வைத்தும் கண்ணாடியில் காட்டியும் பார்த்தேன். கண்ணாடியில் சட்டென்று தெரிந்தது. அந்த மூக்கோர மடிப்பு. இரண்டு பக்கமும் ஒரே கூர்மையுள்ள கருங்கோடாக அது இறங்கியிருந்தது.

மடிப்பு உண்மையில் கோடே இல்லை. மேலே கன்னத்தின் சதை உருண்டு வந்து விழுகிறது, கீழே உதட்டுப் பக்கத்துத் தோல் அதன் அடியில் நுழைகிறது. கன்னம் விழுகிற இடத்தில் ஓரம் கூர்மை. அங்கிருந்து உதட்டை நோக்கிப் போகப் போக நிழல் கரைந்து, எங்கே முடிந்தது என்றே தெரியாது. ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் கரைவு. இரண்டு பக்கமும் கூர்மையாக வைத்தால் அங்கே தசை இறுகியிருப்பதாகக் கண் படித்துக்கொள்கிறது. கோபம் அதுதான்.

அன்றிலிருந்து நிழலைப் பார்க்கும்போது முதலில் அதன் ஓரத்தைப் பார்க்கிறேன். பொதுவாக இப்படி: முகத்தின் வளைவிலேயே பிறக்கிற நிழலுக்கு (நெற்றியோரம், கன்னத்து உருட்சி) ஓரம் மெதுவாகக் கரையும். ஒன்று இன்னொன்றின் மேல் போடுகிற நிழலுக்கு (மூக்கின் நிழல் உதட்டின் மேல், தாடையின் நிழல் கழுத்தின் மேல்) ஓரம் கூர்மை, அதுவும் பிறந்த இடத்துக்குப் பக்கத்தில் மட்டும், தள்ளிப் போகப் போக அதுவும் மங்கிவிடும். அப்பத்தாவின் மூக்கு நிழல், மூக்குத் துவாரத்தின் அடியில் தாளில் வெட்டியது போல இருக்கும். அரை அங்குலம் தாண்டினால் புகை.

இன்னொரு பழக்கமும் அந்த வாரம் வந்தது. கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பது. இமை மயிர் வழியாகப் பார்த்தால் சுருக்கங்கள் எல்லாம் மறைந்து, முகத்தில் நாலைந்து பெரிய திட்டுகள் மட்டும் மிஞ்சும். அந்தத் திட்டுகள் சரியாக விழுந்துவிட்டால் சுருக்கம் ஒன்றுகூடப் போடாமலே அது அப்பத்தாதான். விழாவிட்டால் நூறு சுருக்கம் போட்டாலும் வேறு யாரோ ஒரு கிழவி.

தனக்கா

இரண்டாவது தாளில் அடிக்கோட்டை எச்.பி.யில் தொட்டும் தொடாமலும் வைத்து, திட்டுகளாகவே ஆரம்பித்தேன். மே முதல் வாரம். இங்கேதான் தனக்கா வந்து குறுக்கே நின்றது.

தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். தனக்கா மரத்தின் பட்டையை வட்டக் கல்லில் தண்ணீர் விட்டு, சந்தனம் அரைப்பது போல அரைத்துக் கன்னத்தில் பூசிக்கொள்வார்கள். வெளிர் மஞ்சளாகக் காயும். வெயிலுக்குக் குளிர்ச்சி. பர்மியப் பெண்களைப் போலவே இங்குள்ள தமிழ்ப் பெண்களும் பூசுகிறார்கள். அப்பத்தா குளித்துவிட்டு விபூதி வைத்த கையோடு இரண்டு கன்னத்திலும் தனக்கா பூசாமல் இருந்த நாளை நான் பார்த்ததில்லை. அதைக் கழுவச் சொல்லிவிட்டு வரைய எனக்கு மனமில்லை. அது இல்லாத கன்னம் சின்ன அப்பத்தாவுக்கும் புதிதாகத்தான் இருக்கும்.

கறுத்த தோலில் வெளுத்த பூச்சு. சரி, தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிடலாம் என்று விட்டேன். இரண்டு கன்னத்திலும் பஞ்சு ஒட்டினது போல ஆகிவிட்டது. முகம் பின்னால் போய்விட, இரண்டு வட்டம் மட்டும் முன்னால் வந்து நின்றது. கன்னத்தின் உருட்சியே காணோம்.

ஒரு சாம்பல் நிற அட்டையில், பேப்பர் பஞ்ச் வைத்து இரண்டு துளை போட்டுக்கொண்டேன். துளை வழியாக இரண்டு இடங்களை மட்டும் தனியாகப் பார்த்து எது கருமை என்று ஒப்பிடலாம். சுற்றியிருப்பது தெரியாதபோது கண் ஏமாறாது. தாளின் ஓரத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை ஒரு படிவரிசையும் போட்டு வைத்தேன். ஒன்று தாளின் வெள்ளை, ஒன்பது கரிப் பென்சிலின் முழுக் கறுப்பு. ஜன்னல் பக்கத் தனக்கா மூன்றில் வந்து விழுந்தது, ஒன்றில் இல்லை. அந்தப் பக்கத்து வெறும் தோல் ஐந்து. எதிர்பாராதது இருட்டுப் பக்கம்தான். இடது கன்னத்துத் தனக்கா எவ்வளவோ வெள்ளையாகத் தெரிந்தது, அட்டை வழியாகப் பார்த்தால் ஆறுக்குப் பக்கம். அதாவது நிழலில் இருக்கிற வெள்ளைப் பூச்சு, வெளிச்சத்தில் இருக்கிற கறுத்த தோலைவிட ஒரு துளி கருமை. என் மனசு அதை ஒத்துக்கொள்ள இரண்டு ஞாயிறு ஆனது. பூச்சு வெள்ளை என்று தெரிந்திருப்பதால் கை தானாகவே வெளுப்பாகப் போடப் போகிறது. தெரிந்ததை மறந்துவிட்டு, துளையில் தெரிகிறதை மட்டும் போட வேண்டும்.

இரண்டாவது விஷயம் மினுக்கு. தோலில் எண்ணெய்ப் பசை இருக்கிறது, வெளிச்சம் பட்டால் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் பளிச்சென்று ஒரு புள்ளி விழும். தனக்கா காய்ந்த பொடி, அதில் மினுக்கே கிடையாது. எவ்வளவு வெளுத்தாலும் சுண்ணாம்புச் சுவர் மாதிரி அமைதியாக இருக்கும். அப்படியென்றால் தாளின் முழு வெள்ளை தனக்காவுக்குச் சொந்தம் இல்லை. அதை மூக்கு நுனி, நெற்றியில் ஓர் இடம், கீழிமையின் ஈர ஓரம், வலது மூக்கில் இருக்கும் மூக்குத்தி, கண்ணில் விழும் ஜன்னல் இவற்றுக்கு மட்டும் ஒதுக்கி வைத்தேன். ஐந்தும் சேர்ந்தால் ஒரு பட்டாணி அளவுகூட வராது. ஆனால் அந்த ஐந்து புள்ளியால்தான் மற்ற இடமெல்லாம் தோலாகவும், தனக்கா தனக்காவாகவும் தெரிந்தது.

பூச்சின் ஓரத்தையும் வட்டமாக வெட்டவில்லை. அப்பத்தா மூன்று விரலால் வழித்துப் பூசுவாள். வலது கன்னத்தில் காதை நோக்கிப் போகிற மூன்று தடம் காயும்போது தெரியும். அதைப் பிசைகிற ரப்பரைத் தட்டையாக்கி மூன்று இழுப்பில் எடுத்தேன். அந்த இடம் முதல் முயற்சியிலேயே அமைந்தது.

மழை

மே கடைசியில் நெற்றியும் கண்குழியும் வலது கன்னமும் முடிந்திருந்தன. அதற்குள் பருவமழை பிடித்துக்கொண்டது. ஜூன் முதல் ஞாயிறு தாடையையும் கழுத்தையும் போட்டேன். எழுந்து தள்ளி நின்று பார்த்தால் முகம் இரண்டாக உடைந்திருந்தது. மேல் பாதி ஒரு நாள், கீழ் பாதி வேறொரு நாள் என்று பச்சையாகத் தெரிந்தது.

ஈரத்தின் வேலையோ என்று முதலில் தாளைச் சந்தேகித்தேன். மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்து மெத்தென்று ஆகிவிடும். 4பி பென்சில் மேலே ஓடாமல் உள்ளே அழுந்தி, திட்டுத் திட்டாக விழும். அதுவும் ஓரளவு உண்மைதான். அதற்குப் பிறகு தாளைப் பிளைவுட்டுக்கு நடுவில் வைத்து, கரண்ட் இருக்கிற நேரத்தில் ஃபிரிட்ஜின் பக்கவாட்டுச் சூட்டில் சாய்த்து வைத்தேன். ஆனால் முகம் உடைந்ததற்குக் காரணம் அது இல்லை.

காரணம் எதிர்வீட்டுச் சுவர். கோடையில் மூன்று மணிக்கு, மேற்கே சாய்ந்த வெயில் எங்கள் தலைக்கு மேலாகப் போய் எதிர்க் கட்டடத்தின் முகப்பில் முழுசாக விழுகிறது. அந்த வெளுத்த சுவர் எங்கள் ஜன்னலுக்கு இன்னொரு விளக்கு. அது கண் மட்டத்திலும் அதற்குக் கீழேயும் இருந்து வருவதால், புருவத்துக்கு அடியிலும் தாடைக்கு அடியிலும் நுழைந்து நிழலை இளக்கிவிடுகிறது. மழை வந்ததும் அந்தச் சுவர் அணைந்துவிட்டது. மிஞ்சியது கட்டடங்களுக்கு நடுவில் தெரிகிற ஒரு கீற்று வானம் மட்டும். அது மேலிருந்து கீழாக விழுகிறது. கண்குழி, கன்னக்குழி, தாடைக்கு அடி எல்லாம் ஒரு படி, ஒன்றரைப் படி இறங்கிவிட்டன.

அதோடு ஒன்றைக் கவனித்தேன். அந்த ஞாயிறு சின்ன அப்பத்தா வழக்கம் போலப் பேத்தியின் குறும்பைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பத்தாவும் வழக்கம் போலத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் பார்க்கிற எனக்கு அவள் ஏதோ துக்கச் சேதி கேட்கிற மாதிரி இருந்தது. முகத்தில் ஒரு தசைகூட மாறவில்லை. மாறியது புருவத்துக்கு அடியில் இருக்கிற கருமை. அது ஒன்றரைப் படி இறங்கியிருந்தது, அவ்வளவுதான். முகபாவம் முகத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் எதிர்வீட்டுச் சுவரில் இருந்திருக்கிறது.

வெயில் வரும் வரை காத்திருந்தால் அக்டோபர் ஆகிவிடும். விளக்கு வைத்துப் பார்த்தேன். கரண்ட் எப்போது போகும் என்ற கவலை ஒரு பக்கம். சார்ஜ் விளக்கைக் கிட்டே வைத்தால் இன்னொரு தொல்லை. விளக்குக்கும் முகத்துக்கும் உள்ள தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும். அதனால் விளக்குக்கு அருகே இருக்கிற கன்னம் எரிந்து, ஒரு சாண் தள்ளியிருக்கிற காது சட்டென்று இருட்டாகிவிட்டது. ஜன்னல் அப்படிச் செய்யாது.

கடைசியில் அப்பாவின் வெள்ளை வேட்டி உதவியது. நல்ல துவைத்த எட்டு முழ வேட்டி. ஜன்னலடியில், அப்பத்தாவின் முழங்கால் உயரத்துக்கு இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு அதன் மேல் விரித்தேன். வானத்து வெளிச்சம் அதில் விழுந்து மேலே திரும்பியது. புருவத்துக்கு அடியில் நிழல் ஒரு படி இளகியது. தாடைக்கு அடியில் கீழிருந்து திரும்புகிற அந்த மெல்லிய வெளிச்சமும் வந்துவிட்டது. அதன் அளவில் கை நிதானம் வேண்டும்: நிழலுக்குள் இருக்கிற எந்த வெளிச்சமும் வெளிச்சப் பக்கத்தில் இருக்கிற எந்தச் சாயலையும் விட வெளுக்கக் கூடாது. வெளுத்தால் முகம் தகரத்தில் செய்தது போலப் பளபளக்கும். வேட்டியை ஒரு நாற்காலி தள்ளியும் நெருக்கியும் பார்த்தேன். நெருக்கினால் ஆறடி மேடையில் நாடக விளக்கு கீழிருந்து அடித்தது போலாகிவிடுகிறது. ஒரு முழம் தள்ளி இருந்தபோது ஏப்ரல் மாதத்து முகம் திரும்ப வந்தது.

இரண்டாவது தாளை ஒட்டுப்போட மனம் வரவில்லை. இரண்டு வெளிச்சம் கலந்த படத்தை ரப்பரால் காப்பாற்ற முடியாது. புதுத்தாள் எடுத்தேன்.

கேட்கிற கண், கேட்கிற வாய்

மூன்றாவது தாளில் வேட்டி வெளிச்சம் ஒன்றிலேயே எல்லாவற்றையும் போட்டேன். திட்டுகள் இரண்டு ஞாயிற்றில் அமைந்துவிட்டன. மீதி நாளெல்லாம் கண்ணுக்கும் வாய்க்கும்தான்.

டூஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத் தசைகளுக்கு மின்சாரம் கொடுத்துப் படமெடுத்து 1862-ல் வெளியிட்டார். வாயை இழுக்கும் தசையை நாம் நினைத்தபோது இழுக்கலாம், கண்ணைச் சுற்றியுள்ள தசையோ உண்மையான மகிழ்ச்சியில்தான் சேர்ந்து எழும் என்பது அவர் கண்டது. அப்பத்தாவின் கேட்கிற முகம் அதிலும் ஒரு தனி வகை: வாய் சும்மா இருக்கிறது, கண்ணைச் சுற்றியது மட்டும் எழுந்திருக்கிறது. வரைகிற பாஷையில் அதன் அர்த்தம் இதுதான். கீழிமை ஒரு நூல் மேலேறி, கருவிழியின் அடியைத் தொட்டு மறைக்கிறது. அந்த இமைக்குக் கீழே ஒரு சின்ன மேடு, மேட்டுக்கு அடியில் பிறை போல ஒரு இளநிழல். அந்தப் பிறையின் மேல் ஓரம் கரைய வேண்டும். கூர்மையானால் தூக்கம் கெட்ட பை ஆகிவிடும்.

கண்ணின் வெள்ளையை வெள்ளையாக விடவில்லை. மேலிமையின் நிழல் அதன் மேல் விழுகிறது, நான்கில் போட்டேன். கருவிழியின் வெளி வளையம் வயதில் சாம்பல் பூத்திருக்கிறது, அதை வட்டமாக வெட்டாமல் பிரஷால் தொட்டுக் கரைத்தேன்.

எதையும் பார்க்காத பார்வைதான் அதிக நாள் எடுத்தது. என்ன செய்தாலும் முக்காலியில் இருக்கிற கைபேசியைப் பார்ப்பது போலவே வந்தது. பிறகு புரிந்தது. கிட்டே இருக்கிற பொருளைப் பார்க்கும்போது இரண்டு கருவிழியும் மூக்கை நோக்கிக் கொஞ்சம் சேரும். மனசு வேறெங்கோ இருக்கும்போது தளர்ந்து இணையாக நிற்கும். நான் சேர்த்து வைத்திருந்தேன். தொலைவில் இருக்கிற கண்ணின் கருவிழியை வெளிப் பக்கமாக அரை மில்லிமீட்டர் நகர்த்தினேன். பார்வை முக்காலியை விட்டு எழுந்து போய்விட்டது.

வாய் முனைக்கு ஒரு சின்னப் பரீட்சை வைத்தேன். பட்டர் பேப்பரை மேலே போட்டு, வாய் முனையின் கரும்புள்ளியை மட்டும் நான்கு விதமாக வைத்துப் பார்த்தேன். ஒரு மில்லிமீட்டர் மேலே வைத்தால் சிரிப்பு, கீழே வைத்தால் வருத்தம், அதே இடத்தில் கூர்மையாக வைத்தால் பிடிவாதம். அதே இடத்தில் கருமையைக் குறைத்து, கன்னத்தின் பக்கம் கரைத்து விட்டபோது, அடுத்த சொல்லுக்காகக் காத்திருக்கிற வாய். நான்காவதைத் தாளில் போட்டேன்.

கருப்பின் இடம்

அப்பத்தாவுக்கு முடி முழுக்க வெள்ளை. வெள்ளை முடி தெரிய வேண்டுமானால் பின்னணி கருக்க வேண்டும். இரண்டாவது தாளில் 6பியை அடுக்கடுக்காகப் போட்டு ஏமாந்தது நினைவில் இருந்தது. கிராஃபைட் தட்டுத் தட்டான படிகம், அழுத்தித் தேய்த்தால் எல்லாம் படுத்துக்கொண்டு கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பும். ஜன்னலடியில் வைத்துப் பார்த்தால் கறுப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளி போல மின்னும். கரி அப்படியில்லை, அதன் துகள் ஒழுங்கில்லாதது, மின்னாமல் கறுப்பாகவே நிற்கும். ஆனால் வழுவழுப்பான கிராஃபைட் மேல் கரி ஏறாது. அதனால் இந்த முறை எட்டு, ஒன்பது வரப்போகும் இடங்களை முதலிலேயே குறித்து அங்கே பென்சில் படாமல் காத்தேன்: இடது காதுக்குப் பின்னால், கழுத்தடி, மூக்குத் துவாரம், பின்னணியில் ஜன்னல் பக்கம் உள்ள ஒரு பட்டை. இருட்டுப் பக்கத்தில் முடியின் ஓரத்தை வரையவே இல்லை. முடியும் பின்னணியும் ஒரே சாயலில் கலந்துபோக விட்டேன். பார்க்கிறவர் கண் அதைத் தானாக முடித்துக்கொள்கிறது.

சேலையும் தோளும் வைத்துக்கொள்ளவா விடவா என்று ஒரு வாரம் யோசித்தேன். ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் 1933-ல் கரியில் வரைந்த ஒரு சுயபடம் உண்டு. பக்கவாட்டு முகம், வரைகிற கை. முகமும் விரல்களும் உருவாக இருக்கும், நடுவில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை வளைந்து வளைந்து போகிற ஒரே வேகமான கீறல். அதைப் பார்க்கும்போதெல்லாம் எதை விட வேண்டும் என்பதில் எனக்குத் தைரியம் வருகிறது. சேலைக்கு 2பியில் நான்கு இழுப்பு. தோளைத் தாண்டி வெறும் தாள்.

ஜூலை இரண்டாவது ஞாயிறு, மழை விட்டிருந்த ஒரு மணி நேரத்தில், பின்பக்கப் பால்கனியில் வைத்து ஃபிக்சேடிவ் (கரி உதிராமல் தாளோடு பிடித்து வைக்கிற தெளிப்பு) அடிக்கலாம் என்று இருந்தேன். ஈரக் காற்றில் அடித்தால் வெள்ளை பூத்துவிடும், காய்ந்த நேரம் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். அதற்கு முன் ஒரு வேலை பாக்கி என்று தோன்றியது. வலது கன்னத்துத் தனக்காவில் அந்த மூன்று விரல் தடம் கொஞ்சம் துருத்துகிறதோ, பிரஷால் தணிக்கலாமோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மூன்று மணி ஆகிவிட்டது. அழைப்பு வந்தது. அன்றைக்கு வீடியோவைப் போட்டு, படத்தைத் தூக்கிக் காட்டினேன்.

சின்ன அப்பத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. லைன் போய்விட்டதோ என்று கைபேசியைப் பார்த்தேன். அப்புறம் கேட்டாள்: “கன்னத்துல அந்த மூணு கோடு நீயாப் போட்டியாய்யா?”

“இல்லை சின்ன அப்பத்தா, அப்பத்தா அப்படித்தானே பூசும்.”

“எங்க ஆத்தா எங்க ரெண்டு பேருக்கும் அப்படித்தான் வழிச்சு விடும். மூணு விரல்ல.”

அப்பத்தா முக்காலிப் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிரஷைக் கழுவி வைத்துவிட்டேன். நாலு மணிக்குக் காற்று காய்ந்திருந்தது, இரண்டு அடி தள்ளி நின்று மெல்லிசாக இரண்டு பூச்சு அடித்தேன். உருட்டினால் கரி உரசிவிடும் என்பதால், மேலே பட்டர் பேப்பர் வைத்து, இரண்டு பிளைவுட்டுக்கு நடுவில் கட்டியிருக்கிறேன். சென்னைக்குப் போகிற உறவுக்காரர் அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்கிறார்.